காத்திருப்பவரை எப்படிக் கூப்பிடுவது?

காலை பத்து மணிக்குப் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிகள் பிரிவுக்குள் போய்ப் பார்த்தால், கூடத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். டாக்டர் அறை வாசலில் மட்டும் நாற்பது ஐம்பது பேர் முண்டியடித்து நிற்பார்கள். முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்க வந்த பாட்டி அதே முழங்காலோடு ஒன்றரை மணி நேரமாக நிற்பார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். “அங்க உக்காந்தா பேரு காதுல விழாதுப்பா” என்பார். அவர் சொல்வது நியாயம்தான். வாசலில் இருக்கும் ஊழியரின் கையில் ஓ.பி. சீட்டுக் கட்டு இருக்கிறது. எந்தச் சீட்டு எப்போது மேலே வரும், ஒரு பெயரை எத்தனை தடவை கூப்பிடுவார், கூப்பிட்ட நேரத்தில் ஆள் இல்லையென்றால் அந்தச் சீட்டு என்ன ஆகும் என்பதெல்லாம் காத்திருப்பவர் யாருக்கும் தெரியாது.

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு ஒரு நாளில் ஏறத்தாழ 10,000 புறநோயாளிகள் வருகிறார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் தனியார் கிளினிக்குகளிலும் எண்ணிக்கை குறையலாம். வாசலில் நடப்பது பெரிதாக மாறுவதில்லை. ஸ்கேன் கருவிகளுக்கும் புதிய கட்டடங்களுக்கும் கோடிகள் ஒதுக்கப்படுகின்றன. காத்திருக்கும் ஒருவரை உள்ளே கூப்பிடும் வேலை மட்டும் அன்றைக்கு வாசலில் நிற்க நேர்ந்தவரின் குரல் வளத்தையும் பொறுமையையும் நம்பி விடப்பட்டிருக்கிறது. அந்த ஊழியரைக் குறை சொல்வதில் பொருளில்லை. நூறு பேருக்கு நடுவே நின்று காலை முழுக்கத் தொண்டை கிழியக் கத்தும் வேலையை யார் செய்தாலும் பதினோரு மணிக்கு எரிச்சல் வரும். கூப்பிடுவதும் வைத்தியத்தின் ஒரு பகுதி என்று கருதி, அதற்கென ஒரு முறையை வகுத்துக் கொடுக்காததுதான் குறை.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் என்ன தவறு என்று கேட்கலாம். முதல் சிக்கல் நம் பெயர்களிலேயே இருக்கிறது. “லட்சுமி” என்று குரல் வந்தால் நாலு பேர் எழுந்திருப்பார்கள். செல்விக்கும் முருகனுக்கும் சரோஜாவுக்கும் இதே கதைதான். குடும்பப் பெயர் வழக்கம் தமிழர்களிடம் பெரும்பாலும் இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்துதான் ஒரு கலைச்செல்வியை இன்னொரு கலைச்செல்வியிடமிருந்து பிரிக்கிறது. இரைச்சலில் முதலில் காணாமல் போவதும் அந்த எழுத்துதான். ஒருவருடைய சீட்டோடு இன்னொருவர் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவது இப்படித்தான் நேர்கிறது. ஆள் மாறாட்டம் உலகம் முழுக்கப் பெரிய ஆபத்தாகக் கருதப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் நோயாளிகளின் பாதுகாப்புக்காக ஒன்பது தீர்வுகளை வெளியிட்டபோது, சரியான ஆளை அடையாளம் காண்பதும் அவற்றில் ஒன்றாக இருந்தது. பெயரோடு பிறந்த தேதியோ பதிவு எண்ணோ சேர்த்து, குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

அதைச் சரிபார்க்கும் விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. “நீங்கதானே சரோஜா?” என்று கேட்டால் காது மந்தமான பெரியவர் தலையாட்டிவிடுவார். பயத்தில் இருப்பவரும் தலையாட்டுவார். மணிக்கணக்கில் காத்திருந்து களைத்தவர், யாரைக் கூப்பிட்டாலும் சரி என்று எழுந்துவிடுவார். “உங்க பேர் என்னம்மா?” என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்ல வைத்தால் அந்தத் தவறு நேராது. ஆனால் அந்தக் கேள்வியைக் கூடத்தின் நடுவே உரத்த குரலில் கேட்க முடியாது. கதவுக்கு உள்ளே, அவரும் டாக்டரும் மட்டும் இருக்கும் இடத்தில்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. சின்ன ஊர்களில் காத்திருப்புக் கூடம் என்பது பாதி ஊர். அங்கே பெயரோடு சேர்த்து, “பிரஷர் சுகர் இந்தப் பக்கம், டிபி அந்தப் பக்கம்” என்று நோயையும் கூவுவது வழக்கமாகிவிட்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் தலைமையில் நடந்த ஆய்வில். அதன்பின் இத்தனை ஆண்டுகளில் மருந்து வந்துவிட்டது, இலவசமாகவே கிடைக்கிறது. ஆனாலும் உள்ளூரில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பஸ் ஏறி வேறு மாவட்டத்து மையத்துக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு பெயரை ஒரு குறிப்பிட்ட அறை வாசலில் நின்று உரக்கச் சொன்னாலே போதும், ஒருவரின் வேலையும் பிள்ளையின் கல்யாணப் பேச்சும் பாழாகிவிடலாம்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் தொற்று நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்கிறது அது. அதே 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் மனநலம் பற்றிய தகவல் ரகசியமாக இருக்க வேண்டும் என்று கேட்பதை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. மருத்துவ ஆவணத்தைப் பூட்டி வைத்துவிட்டு, மனநலப் பிரிவின் வாசலில் முழுப் பெயரையும் ஒலிபெருக்கியில் அறிவித்தால் அந்த உரிமைக்கு என்ன மதிப்பு இருக்கும்? திருநங்கையர், திருநம்பியரின் நிலையையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். ஆதார் அட்டையில் இருக்கும் பழைய பெயர் கூடத்தில் ஒலிக்கிறது. புடவை கட்டிய ஒருவர் எழுந்திருக்கிறார். அத்தனை தலைகளும் திரும்புகின்றன. அடுத்த தடவை உடம்புக்கு முடியாமல் போனாலும் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் இருந்துவிடலாம். இது நடப்பது, 2008-லேயே திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்த தமிழ்நாட்டில்.

பெயர் சொல்வதே குற்றம் என்று அதற்காகச் சொல்லிவிட முடியாது. மருத்துவத் தகவல் ரகசியத்துக்குக் கடுமையான விதிகள் வைத்திருக்கும் அமெரிக்காவில்கூட, காத்திருப்புக் கூடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை அரசு அனுமதித்திருக்கிறது. நோயைப் பற்றியோ வந்த காரணத்தைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் வரக் கூடாது என்பதுதான் எல்லை. பத்துப் பேர் காத்திருக்கும் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் எழுந்து வந்து “வாங்க பெரியம்மா” என்று தோளைத் தொட்டுக் கூட்டிப் போவதைவிட நல்ல முறை உலகில் கிடையாது. முந்நூறு பேர் காத்திருக்கும் இடத்தில் அது நடக்காது. அங்கே எண் வேண்டும்.

எண் என்றதும் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். “நான் என்ன கைதியா, நம்பர் சொல்லிக் கூப்பிட?” என்ற கேள்வியில் வலி இருக்கிறது, அதை ஒதுக்கிவிடக் கூடாது. தீர்வு, எண்ணைக் கூடத்தோடு நிறுத்திக்கொள்வது. கூடத்தில் அவர் 47. கதவைத் தாண்டியதும் அவர் சரோஜா அம்மா. டாக்டர் நிமிர்ந்து பார்த்து, பெயரைக் கேட்டு, அந்தப் பெயரால் பேச வேண்டும். இப்போது பல இடங்களில் நடப்பது இதற்கு நேர் எதிர். வெளியே ஊருக்கே கேட்கும்படி பெயர். உள்ளே பெயர்கூடக் கேட்காமல் இரண்டு நிமிடத்தில் மருந்துச் சீட்டு.

எண் முறையை எப்படி அமைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். எண் காதுக்கும் கேட்க வேண்டும், கண்ணுக்கும் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் யாராவது ஒருவர் விடுபட்டுப் போவார். உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை சொல்கிறது. அறுபது வயதைக் கடந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்க்கையே பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைகிறது. மருத்துவமனைக்கு அடிக்கடி வருகிறவர்களும் அவர்கள்தான். வயதாகும்போது முதலில் போவது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் மங்கிவிடும். டைல்ஸ் தரையும் சிமென்ட் சுவரும் உள்ள கூடத்தில் எதிரொலி மீதியையும் விழுங்கிவிடும். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்துதான் கூடும். ஒரே பெரிய ஒலிபெருக்கிக்குப் பதிலாக இருக்கைகளின் அருகே சின்னச் சின்ன ஒலிபெருக்கிகளைக் குறைந்த சத்தத்தில் வைத்தால் பேச்சு தெளிவாகக் கேட்கும்.

எண்ணைச் சொல்லும் விதமும் முக்கியம். எழுபத்தாறும் எண்பத்தாறும் இரைச்சலில் ஒன்றுபோலவே காதில் விழும். ரயில் நிலையத்தில் வண்டி எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் பிரித்துச் சொல்கிறார்களே, அந்த வழக்கம் மருத்துவமனைக்கும் பொருந்தும். “டோக்கன் ஏழு, ஆறு. அறை மூன்று.” இதை நிதானமாக இரண்டு தடவை சொன்னால் போதும்.

கண்ணுக்குத் தெரியும் பலகையில் எழுத்தைவிட எண்ணே பலருக்கும் எளிது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். ஐந்தில் ஒருவர் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவர். ஆனால் அவர்களும் 29சி வருகிறதா, 27டி வருகிறதா என்று தூரத்திலிருந்தே கண்டுபிடித்து பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். அதே கண், கூடத்தின் எந்த மூலையிலிருந்தும் தெரியும்படி பெரிதாக எரியும் இரண்டு இலக்கங்களைச் சுலபமாகப் படிக்கும். தனியார் மருத்துவமனைகளின் திரைகளில் நோயாளியின் பெயர், துறை, டாக்டர் பெயர் எல்லாம் பொடி ஆங்கிலத்தில் ஓடுகின்றன. நடுவே விளம்பரமும் வருகிறது. அந்தத் திரையால் யாருக்கும் பயனில்லை, அந்தரங்கம் போனதுதான் மிச்சம். வேலூருக்கும் சென்னைக்கும் வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆயிரக்கணக்கில் நோயாளிகள் வருகிறார்கள். ஒடிசா, பிகாரிலிருந்து வந்து கட்டட வேலை செய்கிறவர்கள் எல்லா ஊர் அரசு மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். தமிழ் அறிவிப்பு புரியாத அவர்களுக்கும் 1, 2, 3 என்ற இலக்கங்கள் புரியும்.

பார்வையற்றவருக்குப் பலகை பயன்படாது, காது கேளாதவருக்கு அறிவிப்பு பயன்படாது. சீட்டு போடும் இடத்திலேயே இதைக் கேட்டு, சீட்டில் ஒரு குறி இட்டுவிட்டால் அவரை மட்டும் ஊழியர் நேரில் போய் அழைத்து வரலாம். இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் 2016 முதல் இது கட்டாயம்: மாற்றுத்திறன் உள்ள ஒருவரிடம் எந்த வகையில் தகவல் சொல்ல வேண்டும் என்பதைக் கேட்டறிந்து, பதிவு செய்து, அதன்படி நடக்க வேண்டும். நம் நாட்டிலும் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு, தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதிகளும் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது. சிகிச்சையில் முன்னுரிமையும் தரச் சொல்கிறது. சரிவுப்பாதை கட்டியதோடு அந்தக் கடமை முடிந்துவிட்டதாக நிர்வாகங்கள் நினைக்கின்றன. சக்கர நாற்காலியில் உள்ளே வந்துவிட்ட பிறகு, தன்னைக் கூப்பிட்டதே தெரியாமல் மதியம் வரை உட்கார்ந்திருப்பவரும் தடையின் முன்னால்தான் இருக்கிறார்.

எண்ணின் முன்னால் போடும் எழுத்திலும் ஒரு பொறி இருக்கிறது. துறையின் முதலெழுத்தைப் போட்டால் டோக்கனே நோயைக் காட்டிக் கொடுத்துவிடும். துறைப் பெயருக்குப் பதில் அறை எண்ணைச் சொல்லலாம். பாஸ்போர்ட் சேவை மையத்தில் ஒரே டோக்கன் எண்ணோடு ஏ, பி, சி என்று மூன்று கட்டங்களையும் கடந்து வெளியே வர முடிகிறது. மருத்துவமனையில் சீட்டுக்கு ஒரு வரிசை, பிரஷர் பார்க்க ஒன்று, டாக்டருக்கு ஒன்று, ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாள் முழுவதற்கும் ஒரே எண் என்றால் பாதி குழப்பம் தீரும்.

கூப்பிட்டபோது இல்லாதவரை என்ன செய்வது? நடைமுறையில் அதிகம் கொதிப்பு எழுவது இந்த இடத்தில்தான். சர்க்கரை நோயாளி கழிவறைக்குப் போகாமல் இருக்க முடியாது. கைக்குழந்தைக்காரி பால் கொடுக்க ஒதுங்கித்தான் ஆக வேண்டும். பல நேரம் டாக்டரே எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்லி அனுப்பியிருப்பார். திரும்பி வந்தால் “கூப்பிட்டாச்சு, கடைசில வாங்க” என்ற பதில். தவறவிட்டவர் திரும்பி வந்ததும் அடுத்த மூன்று பேருக்குப் பிறகு அவரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு விதியை எழுதி வாசலில் ஒட்டிவிட்டால், சண்டையும் குறையும், தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருக்கும் கொடுமையும் குறையும். கர்ப்பிணிகளையும் மூச்சுத் திணறலோடு வருகிறவர்களையும் முன்னால் அனுப்பும்போதும் இப்படித்தான். 46-க்குப் பிறகு 71 உள்ளே போனால், சிபாரிசு என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள். அவசரத்துக்குத் தனி வரிசை எண் கொடுத்து, அதற்கான காரணத்தையும் பலகையில் எழுதி வைத்தால் வழிவிட மறுப்பவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

காத்திருப்பின் மனநிலையைப் பற்றி மேலாண்மைத் துறை ஆய்வாளர் டேவிட் மேஸ்டர் 1985-ல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும், காரணம் சொல்லப்படாத காத்திருப்பும், நியாயமற்றதாகத் தோன்றும் காத்திருப்பும் உள்ளதைவிட நீளமாகத் தெரியும் என்றார் அவர். இந்த மூன்றும் நம் புறநோயாளிப் பிரிவில் ஒன்றாக நடக்கின்றன. டாக்டர் அவசர அறுவை சிகிச்சைக்குப் போயிருக்கிறார், வர ஒரு மணி நேரம் ஆகும் என்று மைக்கில் ஒரு தடவை சொன்னால் மக்கள் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருவார்கள். அதற்கும் முன்னால், 1952-லேயே புள்ளியியலாளர் நார்மன் பெய்லி பிரிட்டிஷ் மருத்துவமனைகளின் வரிசைகளை ஆராய்ந்து எளிய வழி ஒன்றைச் சொன்னார்: தொடக்கத்தில் இருவரை வரச் சொல்லுங்கள், அதன்பின் ஒருவரைப் பார்க்க ஆகும் சராசரி நேரத்துக்கு ஒருவராக வரச் சொல்லுங்கள். டாக்டரும் சும்மா இருக்க மாட்டார், நோயாளியும் வீணே காத்திருக்க மாட்டார். முதன்முறை வருகிறவர்களை இப்படி வரிசைப்படுத்துவது கடினம். அடுத்த மாதம் வரச் சொல்லி டாக்டரே தேதி எழுதிக் கொடுக்கும் மறுபரிசோதனைக்காரர்களுக்குத் தேதியோடு “10 முதல் 10.30” என்று நேரத்தையும் எழுதிக் கொடுக்க என்ன தடை? வெறும் மாத்திரைக்காக மாதாமாதம் வருகிறவர்களை டாக்டர் வாசலிலிருந்தே விலக்கிவிடலாம் என்பதை 2021-ல் தொடங்கிய, மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் காட்டியிருக்கிறது.

வாசலில் கூட்டம் குறைவதில் இன்னொரு பலனும் உண்டு. இருமுகிறவரும் பச்சைக் குழந்தையும் ஒரே கதவின் முன் நெருக்கி நிற்பது காசநோய் பரவ வசதியானது. மருத்துவமனைகளில் காற்று வழித் தொற்றைத் தடுக்க மத்திய அரசு 2010-ல் வெளியிட்ட வழிகாட்டி, இருமலோடு வருகிறவர்களைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து விரைவாகப் பார்த்து அனுப்பச் சொல்கிறது. காற்றோட்டமான இடத்தில் காத்திருக்க வைக்கச் சொல்கிறது. தன் எண் வரும்போது தெரியும் என்ற உறுதி இருந்தால்தான் ஒருவர் வெளியே வேப்பமரத்தடியில் போய் உட்காருவார்.

தொழில்நுட்பம் இதில் ஓரளவு உதவும். 2022 அக்டோபரில் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கிய ‘ஸ்கேன் அண்ட் ஷேர்’ முறையில், கியூஆர் குறியீட்டைச் செல்போனில் ஸ்கேன் செய்தால் பதிவுக்கான டோக்கன் வந்துவிடும். பெயர், வயது எழுதும் நேரம் மிச்சம். ஆனால் அது பதிவு ஜன்னலோடு நின்றுவிடுகிறது. டாக்டர் அறை வாசலில் பழைய கூவல்தான். ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிக்கு அச்சிட்ட காகித டோக்கன் எப்போதும் இருக்க வேண்டும். அதன் எண் கண்ணாடி போடாமலே தெரியும் அளவுக்குப் பெரிதாகவும் இருக்க வேண்டும்.

கருவிகளைவிட ஆட்கள் முக்கியம் என்பதற்கு மதுரை நல்ல சாட்சி. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், பயிற்சி பெற்ற இளம்பெண்கள் நோயாளிகளை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கையோடு அழைத்துப் போகிறார்கள். கண் மங்கலானவர்கள் கூடும் இடத்தில் பலகையை நம்பிப் பயனில்லை. முதியோர் மருத்துவத்தில் இன்னும் ஒரு படி போகலாம்: டாக்டரே வாசலுக்கு வந்து கூப்பிடலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் பரிசோதனை 1991 முதல் உலகெங்கும் பயன்படுகிறது. கீழே விழும் அபாயத்தை அது முன்கூட்டியே காட்டும். கூடத்திலிருந்து அறை வரை ஒருவர் நடந்து வருவதைப் பார்த்தாலே டாக்டருக்குப் பாதி விவரம் கிடைத்துவிடும். 2024-ல் கிண்டியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை போன்ற இடங்களில் இதைத் தொடங்கலாம்.

அரசு மருத்துவமனைகளுக்குத் தேசியத் தர உறுதிச் சான்று வழங்குவதற்கான மதிப்பீட்டில் நோயாளிகளின் உரிமைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அந்தரங்கமும் கண்ணியமும் அதற்குள் வருகின்றன. மதிப்பீட்டுக்கு வரும் குழு, கோப்புகளைப் புரட்டும் முன் புறநோயாளிகள் கூடத்தின் கடைசி வரிசையில் ஒரு மணி நேரம் உட்காரட்டும். கூப்பிட்டவர்களில் எத்தனை பேர் முதல் அழைப்பிலேயே எழுந்து வந்தார்கள், எத்தனை பேர் தவறவிட்டார்கள், எத்தனை பேருடைய நோய் மற்றவர் காதில் விழுந்தது, எத்தனை பேர் நாற்காலி காலியாக இருந்தும் நின்றார்கள் என்று எண்ணி எழுதட்டும். அந்தக் கணக்கையும் மதிப்பெண்ணில் சேர்க்கட்டும்.